நெளி தடங்கள்: பிசிபியில் டிராக் நீளத்தைச் சரிக்கட்டுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெமரிச் சிப், கிகாபிட் ஈதர்நெட், கேமரா இணைப்பு போன்றவற்றை முதன்முறை தங்கள் போர்டில் (பிசிபி, அதாவது அச்சிட்ட மின்சுற்றுப் பலகையில்) வைப்பவர்களுக்காக இந்தப் பக்கம். டிராக் என்பது அந்தப் பலகையில் சிக்னல் ஓடும் செம்புக் கோடு. கணக்குகள் எல்லாம் கண்ணாடி நூலும் ரெசினும் சேர்ந்த சாதாரண எஃப்ஆர்4 பலகைக்கானவை. மென்பொருள் பற்றி வரும் இடங்களில் கீகேட் (KiCad) என்ற பிசிபி வரையும் மென்பொருளையே எடுத்துக்கொண்டிருக்கிறோம். வேறு மென்பொருளில் பட்டன் மாறும், கணக்கு மாறாது.

நேராகப் போகக்கூடிய டிராக்கை ஏன் பாம்பு மாதிரி நெளித்துப் போடுகிறார்கள்?

நேரத்தை வாங்குவதற்காக. ஒரே க்ளாக்குக்குக் கட்டுப்பட்ட எட்டு டேட்டா லைன்கள் ஒரு சிப்பிலிருந்து ஒன்றாகக் கிளம்பினால், எதிர்ச் சிப்பிலும் ஏறக்குறைய ஒன்றாகச் சேர வேண்டும். பின்கள் இருக்கும் இடத்தைப் பொறுத்து ஒரு லைன் 22 மிமீ, இன்னொன்று 29 மிமீ என்று அமைந்துவிடும். நீளமானதை ஓரளவுக்குமேல் குறைக்க வழி கிடையாது. ஆகவே குட்டையானதை நெளித்து நீட்டுகிறோம். துருக்கியில் வளைந்து வளைந்து ஓடும் மெண்டெரெஸ் ஆற்றின் பழைய பெயரிலிருந்துதான் மியாண்டர் என்ற சொல் வந்தது. பட்டறைப் பேச்சில் ‘ஸ்நேக்’ என்பதும் இதுதான்.

உத்தி பழையது. 1976-இல் வந்த க்ரே-1 சூப்பர் கம்ப்யூட்டரில் மாட்யூல்களை இணைக்கும் வயர்களை அளந்து வெட்டித்தான் சிக்னல்களை ஒரே நேரத்தில் வரச் செய்தார்கள். வயரில் செய்ததை இன்று செம்பில் செய்கிறோம்.

ஒரு மில்லிமீட்டர் டிராக்கைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகும்?

வெற்றிடத்தில் ஒளிக்கு 3.34 பிகோசெகண்ட். பலகைக்குள் இதை மின்காப்புப் பொருளின் டைஎலக்ட்ரிக் மாறிலியின் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும். இரண்டு பிளேன்களுக்கு (முழுச் செம்புத் தளங்களுக்கு) நடுவில், உள் லேயரில் ஓடும் டிராக்கைச் சுற்றிலும் எஃப்ஆர்4-தான். மாறிலி 4.4 என்றால் மில்லிமீட்டருக்கு 7 பிகோசெகண்ட். வெளி லேயரில் மின்புலத்தின் ஒரு பகுதி காற்றில் இருப்பதால் சிக்னல் கொஞ்சம் வேகமாக ஓடும்: சுமார் 6.

இந்த 6, 7 என்ற இரண்டு எண்களை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். 30 மிமீ டிராக் வெளி லேயரில் 180 பிகோசெகண்ட், உள் லேயரில் 210. நீளம் மைக்ரான் சுத்தமாகச் சமம், நேரத்திலோ 30 பிகோசெகண்ட் வித்தியாசம். வெளி லேயர்க் கணக்கில் அது 5 மிமீ தவறு. நீளம் சரியாக இருந்தும் மெமரி தடுமாறும் போர்டுகளில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். ஒரு குரூப்பின் லைன்கள் எல்லாவற்றையும் ஒரே லேயரில், அல்லது குறைந்தபட்சம் எல்லா லைனும் அந்தந்த லேயரில் ஒரே அளவு தூரம் போகும்படி வைத்தால் இந்தத் தலைவலியே இல்லை.

எந்த இணைப்புக்கு நெளி தேவை, எதற்குத் தேவையில்லை?

ஒரு பிட் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று முதலில் பாருங்கள். நீள வித்தியாசம் அதில் எத்தனை சதவீதத்தைத் தின்கிறது என்பதுதான் கேள்வி.

20 மெகாஹெர்ட்ஸ் எஸ்பிஐ-யில் ஒரு பிட் 50 நானோசெகண்ட். 50 மிமீ வித்தியாசம் இருந்தாலும் 0.3 நானோசெகண்ட்தான். ஐ2சி, யூஆர்ட் பற்றிப் பேசவே வேண்டாம். 133 மெகாஹெர்ட்ஸில் ஓடும் பழைய எஸ்டிரேம் பிட்டுக்கு 7.5 நானோசெகண்ட் உண்டு. அங்கே 25 மிமீ வித்தியாசம் 150 முதல் 175 பிகோசெகண்ட், அதாவது இரண்டு சதவீதம் சொச்சம். சிப்பைக் கிட்டே வைத்து நேராக இழுத்தாலே போதும். இந்த மாதிரி போர்டுகளில் அழகுக்காக நெளி போட்டிருப்பதை நிறையப் பார்க்கலாம். அதனால் லாபம் இல்லை, இடம்தான் வீண்.

480 மெகாபிட் யூஎஸ்பி 2-இல் ஒரு பிட் 2083 பிகோசெகண்ட். அதன் சிக்னல் ஒரு டிஃபரன்ஷியல் ஜோடியில், அதாவது ஒன்றுக்கொன்று எதிராக மாறும் இரண்டு டிராக்குகளில் (கால்களில்) போகிறது. ஜோடியின் இரு கால்களுக்கும் 2 மிமீ வித்தியாசம் என்றால் 12 பிகோசெகண்ட். விட்டுவிடலாம்.

டிடிஆர்3-1600 மெமரியில் ஒரு டேட்டா பிட் 625 பிகோசெகண்ட்தான். டிடிஆர்4-3200-இல் 312.5. இங்கேதான் நெளிக்கு உண்மையான வேலை.

பிசிஐ எக்ஸ்பிரஸை நிறையப் பேர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். ஒரு லேனின் (தனி டேட்டாப் பாதையின்) ஜோடிக் கால்கள் இரண்டும் நெருக்கமாகப் பொருந்த வேண்டும். ஆனால் லேனுக்கு லேன் பொருந்த வேண்டியதில்லை. 5 கிகா டிரான்ஸ்ஃபர் வேகத்தில் ரிசீவர் 8 நானோசெகண்ட் வரை லேன் வித்தியாசத்தைத் தானே சரிக்கட்டிக்கொள்ளும். அது ஒரு மீட்டருக்கும் மேற்பட்ட டிராக். நான்கு லேனையும் ஒரே நீளமாக்க நெளித்தால், இருக்கிற சிக்னலை இழப்பில் கொஞ்சம் கரைப்பதுதான் மிச்சம். 1000பேஸ்-டி ஈதர்நெட்டின் நான்கு ஜோடிகளும் இதே கதைதான். கேபிளில் மட்டுமே ஜோடிக்கு ஜோடி 50 நானோசெகண்ட் வரை வித்தியாசம் வரலாம் என்று தரநிலை அனுமதிக்கிறது. சாக்கெட்டுக்குப் போகும் வழியில் 3 மிமீயைச் சரிக்கட்ட நெளி போடுவதில் அர்த்தமில்லை.

சரி, எத்தனை மில்லிமீட்டர் பிசகு தாங்கும்?

சிப் தயாரிப்பாளரின் லேஅவுட் வழிகாட்டியில் எண் இருந்தால் அதுவே முடிவு. இல்லாவிட்டால் பிட் நேரத்தில் ஒன்றிரண்டு சதவீதத்தை நீள வித்தியாசத்துக்கு ஒதுக்குங்கள். டிடிஆர்3-1600-இல் 10 பிகோசெகண்ட் என்பது 1.6 சதவீதம். வெளி லேயரில் அது 1.7 மிமீ அளவுக்கு வரும். ஆகவே ஒரு பைட்டின் டேட்டா லைன்களை ஒரு மிமீக்குள் கொண்டுவந்தால் நிம்மதியாக இருக்கலாம். முகவரி, கட்டளை லைன்களுக்கு ஒரு பிட் 1250 பிகோசெகண்ட் என்பதால் இருமடங்கு இடம் உண்டு.

0.01 மிமீ வரை பொருத்துவது பயனற்றது. பலகையின் டைஎலக்ட்ரிக் மாறிலியே இடத்துக்கு இடம் மாறும். கண்ணாடி நூல் மேல் போகும் டிராக் ஒரு வேகம், ரெசின் மேல் போகும் டிராக் இன்னொரு வேகம்.

நெளி போடத் தொடங்கும் முன் எதெல்லாம் முடிந்திருக்க வேண்டும்?

நெளி கடைசி வேலை. இதை முன்னால் செய்பவர்கள் இரண்டு மூன்று முறை பிரித்துப் போட வேண்டியிருக்கும்.

ஸ்டேக்அப் (லேயர் அடுக்கு) உறுதியாகியிருக்க வேண்டும்: எந்த ப்ரீப்ரெக் (லேயர்களுக்கு நடுவே வைக்கும் ரெசின் தாள்), என்ன கனம், எந்த லேயருக்குக் கீழே கிரவுண்டு. அதிலிருந்துதான் டிராக் அகலமும் நெளியின் இடைவெளியும் வரும். அடுத்தது பின் மாற்றம். டிடிஆர்3-இல் ஒரு பைட்டுக்குள் டேட்டா பிட்களை இடம் மாற்றிக்கொள்ளப் பெரும்பாலும் அனுமதி உண்டு. மெமரி தான் எழுதியதைத்தானே திரும்பப் படிக்கப்போகிறது? டிக்யூ2, டிக்யூ5 என்ற இரு டேட்டா லைன்களை மாற்றிக்கொண்டால் இரண்டு லைன் குறுக்கிடுவது போய், நீள வித்தியாசமும் பாதியாகக் குறைந்துவிடும். சில கண்ட்ரோலர்கள் ரைட் லெவலிங்குக்கு (தொடக்கத்தில் எழுதும் நேரத்தைச் சரிக்கட்டும் பயிற்சிக்கு) ஒவ்வொரு பைட்டிலும் ஒரு குறிப்பிட்ட பிட்டை நம்பியிருக்கும். அதை மட்டும் டேட்டாஷீட்டில் பார்த்து அசைக்காமல் விடுங்கள். முகவரி லைன்களை மாற்றவே கூடாது. கட்டளைகளும் மோட் ரெஜிஸ்டரும் அவற்றில்தான் வருகின்றன.

பிறகு எல்லா லைனையும் நெளியே இல்லாமல் முழுதாக இழுத்து முடியுங்கள். குரூப்பில் எது நீளம் என்று பாருங்கள். அதுதான் இலக்கு. அந்த ஒன்றைக் கொஞ்சம் குறுக்க முடிந்தால் மற்ற எல்லாவற்றிலும் அவ்வளவு நெளி மிச்சம். அந்த ஒரு டிராக்கோடு அரைமணி நேரம் மல்லுக்கட்டுவது எப்போதும் லாபம்.

ஒரு நெளி எவ்வளவு நீளம் சேர்க்கும்?

மேலே ஏறி இறங்குவதால் உயரத்தைப் போல இருமடங்கு. அதில் நான்கு மூலைகளில் வெட்டிக்கொள்ளும் நீளம் கழியும். வட்ட மூலை என்றால் ஒவ்வொன்றிலும் ஆரத்தைப் போல 0.43 மடங்கு. 45 பாகைச் செதுக்கு மூலை என்றால் செதுக்கிய அளவைப் போல 0.59 மடங்கு.

ஓர் உதாரணம். வெளி லேயரில் ஒரு டிடிஆர்3 பைட். டிராக் அகலம் 0.12 மிமீ, கிரவுண்டு பிளேன் 0.1 மிமீ கீழே. மிக நீளமான டிக்யூ3 28.6 மிமீ. குட்டையான டிக்யூ6 21.9 மிமீ. சேர்க்க வேண்டியது 6.7 மிமீ.

நெளியின் உயரம் 1.2 மிமீ, மூலை ஆரம் 0.2 மிமீ என்று வைத்தால் ஒரு நெளி சேர்ப்பது 2 × 1.2 − 4 × 0.43 × 0.2, அதாவது 2.06 மிமீ. மூன்று நெளியில் 6.17 கிடைத்துவிடும். மீதி 0.53 மிமீக்கு 0.44 மிமீ உயரத்தில் ஒரு குட்டி நெளி. நெளியின் ஏறும், இறங்கும் பக்கங்களைக் கை என்போம். இடைவெளி 0.36 மிமீ என்றால் கைக்குக் கை மையத் தூரம் 0.48. ஒரு நெளிக்கு இரண்டு கை. ஆக நான்கு நெளியும் டிராக்கின் வழியில் 3.84 மிமீ இடம்தான் பிடிக்கும். பக்கவாட்டில் 1.2 மிமீயும் பக்கத்து டிராக்குக்கான இடைவெளியும் வேண்டும். இந்தக் கணக்கை ரூட்டிங் தொடங்கும்போதே போட்டு டிராக்குகளை விரித்து இழுத்தால் பின்னால் நெருக்கடி வராது.

ஒரு குறிப்பு: டேட்டாவை எப்போது படிக்க வேண்டும் என்று சொல்லும் ஸ்ட்ரோப், அதாவது டிக்யூஎஸ் ஜோடியும் அந்தக் குரூப்பின் உறுப்பினர்தான். எட்டு டேட்டாவையும் தங்களுக்குள் பொருத்திவிட்டு ஸ்ட்ரோபை மறந்த போர்டுகள் உண்டு.

கைகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி விட வேண்டும்? நெருக்கிப் போட்டால் என்ன கெட்டுவிடும்?

கிரவுண்டு பிளேனுக்கு உள்ள தூரத்தைப் போல மூன்று நான்கு மடங்கு விடுங்கள். பலர் டிராக் அகலத்தைப் போல மூன்று மடங்கு என்பார்கள். 50 ஓம் டிராக்கில் அகலமும் உயரமும் தொடர்புடையவை என்பதால் அந்தக் கணக்கும் ஓரளவு ஒத்துவரும். ஆனால் உண்மையான அளவுகோல் கிரவுண்டுக்கு உள்ள தூரம்தான். கிரவுண்டு 0.2 மிமீ கீழே இருக்கும் நான்கு லேயர் போர்டில் 0.6 முதல் 0.8 மிமீ. கிரவுண்டு 0.1 மிமீயில் இருந்தால் அதில் பாதி போதும்.

நெருக்கினால் என்ன நடக்கிறது என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம். சிக்னல் முதல் கையில் ஏறிக்கொண்டிருக்கும்போதே அதன் மின்புலம் பக்கத்துக் கையில் ஒரு சிறு அலையைக் கிளப்பிவிடும். அந்த அலை நெளி முழுக்கச் சுற்றி வரவில்லை. குறுக்கே தாவிவிட்டது. ஆகவே அது முன்கூட்டியே கடைசிக்குப் போய்ச் சேரும். பத்து கை இருந்தால் பத்துத் தாவல், அவற்றில் பல ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரும். ஸ்கோப்பில் பார்த்தால் முக்கிய ஏற்றத்துக்கு முன்பே ஏணிப்படி மாதிரி சின்னச் சின்னப் படிகள் தெரியும். ரிசீவர் அந்தப் படிகளிலேயே வாசலைத் தாண்டிவிட்டதாக எடுத்துக்கொண்டால், நீங்கள் கஷ்டப்பட்டுச் சேர்த்த 20 மிமீயில் 17 மிமீதான் காலத்தாமதமாகக் கணக்கில் வரும். செம்பு இருக்கிறது, தாமதம் இல்லை.

கை எவ்வளவு நீளம் என்பதும் முக்கியம். ஒரு கையில் ஏறி இறங்கும் நேரம் சிக்னலின் ஏற்ற நேரத்தைவிட மிகக் குறைவாக இருந்தால் தாவும் அலை முழுதாக வளர்வதில்லை. 1.2 மிமீ கைக்கு ஏறி இறங்க 15 பிகோசெகண்ட்கூட ஆகாது. 200 பிகோசெகண்டில் ஏறும் சிக்னலுக்கு அது ஒரு பொருட்டே அல்ல. 25 மிமீ கைகளை 0.15 மிமீ இடைவெளியில் அடுக்கியவர்களுக்குத்தான் ஏணிப்படி தெரியும். எனவே இடம் குறைவென்றால் உயரமான சில நெளிகளை நெருக்கி அடுக்குவதைவிட, குட்டை நெளிகளை அகலமான இடைவெளியில் டிராக் நெடுகப் பரப்புவது மேல். உள் லேயரில், இரண்டு பிளேனுக்கு நடுவே, இந்தத் தாவல் இன்னும் வேகமாகத் தேய்ந்துவிடும். பெரிய அளவில் நெளிக்க வேண்டியிருந்தால் அங்கே கொண்டுபோங்கள்.

மூலை 90 பாகை, 45 பாகை, வட்டம்: எது நல்லது?

வட்டமோ 45-ஓ, உங்கள் கண்ணுக்குப் பிடித்தது. 90 பாகை மூலையில் கொஞ்சம் செம்பு கூடுதலாக இருப்பதால் சிறிய கெபாசிட்டன்ஸ் சேரும். சில கிகாஹெர்ட்ஸ் வரை அதை அளப்பதே கடினம். நெளியில் நான்கு நான்காக மூலைகள் பெருகுவதால் தவிர்ப்பது நல்லது, அவ்வளவுதான்.

கீகேட்டில் இதை எப்படிச் செய்வது?

ரூட்டிங் மெனுவில் மூன்று கருவிகள்: தனி டிராக்கை நீட்ட 7, டிஃபரன்ஷியல் ஜோடியைச் சேர்த்து நீட்ட 8, ஜோடிக்குள் ஒரு காலை மட்டும் நீட்டி ஸ்கியூவை (இரு கால்களின் வித்தியாசத்தை) சரிசெய்ய 9. விசையை அழுத்தி டிராக்கின் மேல் கிளிக் செய்து, வழி நெடுக மவுஸை இழுத்தால் நெளிகள் ஒவ்வொன்றாக முளைக்கும். இழுக்கும்போதே 1, 2 விசைகள் இடைவெளியையும் 3, 4 விசைகள் உயரத்தையும் மாற்றும். இப்போதைய நீளமும் இலக்கும் கர்சருக்குப் பக்கத்திலேயே தெரியும். இலக்கு எட்டியதும் அதற்குமேல் இழுத்தாலும் நெளி சேராது.

2024-இல் வந்த 8-ஆம் பதிப்பிலிருந்து நெளி ஒரு தனிப் பொருளாகச் சேமிக்கப்படுகிறது. பிறகு வந்து தொட்டு இழுத்து மாற்றலாம். அதற்கு முந்தைய பதிப்புகளில் போட்டபின் அது வெறும் டிராக் துண்டுகள்தான், மாற்ற வேண்டுமென்றால் அழித்துவிட்டுத் திரும்பப் போட வேண்டும்.

இலக்கை ஒவ்வொரு முறையும் கையால் கொடுப்பதைவிட, கஸ்டம் ரூலில் அந்த நெட் கிளாஸுக்கு (லைன் குரூப்புக்கு) குறைந்த, உகந்த, அதிக நீளங்களை எழுதிவைப்பது நல்லது. கருவி அதிலிருந்தே எண்ணை எடுத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் கழித்து யாராவது ஒரு டிராக்கை நகர்த்தினாலும் டிஆர்சி (மென்பொருளின் விதிச் சோதனை) கத்திவிடும். போர்டு அமைப்பில் வியாவின் (லேயருக்கு லேயர் இணைக்கும் செம்புத் துளையின்) உயரத்தையும் நீளத்தில் சேர்க்கும் தேர்வு இருக்கிறது. அதை இயக்கி, ஸ்டேக்அப்பில் உண்மையான கனங்களைக் கொடுங்கள். கற்பனைக் கனம் கொடுத்தால் வியாவும் கற்பனைதான்.

டிஃபரன்ஷியல் ஜோடியில் ஒரு கால் குட்டையாக இருக்கிறது. எங்கே நெளிப்பது?

வித்தியாசம் பிறந்த இடத்திலேயே. ஜோடி ஒரு மூலையில் திரும்பும்போது வெளிக் கால் கூடுதல் தூரம் போகிறது. மையத் தூரம் 0.3 மிமீ உள்ள ஜோடி இரண்டு 45 பாகைத் திருப்பங்களில் 90 பாகை திரும்பினால் வித்தியாசம் 0.5 மிமீ, சுமார் 3 பிகோசெகண்ட். அந்த மூலையிலிருந்து அடுத்த நெளி வரை ஒரு கால் முந்தியும் ஒரு கால் பிந்தியும் ஓடும். அந்தத் தூரம் முழுக்க ஜோடியின் ஒரு பகுதி சக்தி பொதுமுறைச் சத்தமாக (இரு கால்களிலும் ஒரே திசையில் ஓடும் தேவையற்ற சிக்னலாக) மாறிக்கொண்டிருக்கும். மறுமுனையில் நெளித்தால் மொத்தம் பூஜ்யம் என்று மென்பொருள் சொல்லும். இஎம்ஐ (மின்காந்த இடையூறு) சோதனையில் கதை வேறாக இருக்கும். எதிர்த் திசையில் இன்னொரு திருப்பம் வரப்போகிறதென்றால் நெளியே வேண்டாம், ஒன்றையொன்று கழித்துவிடும்.

அளவு விஷயத்தில் இங்கே கஞ்சத்தனம் வேண்டும். நெளிந்த இடத்தில் இரு கால்களுக்கும் நடுவேயுள்ள இடைவெளி வழக்கத்தைப் போல இருமடங்கைத் தாண்டக் கூடாது. நெளியின் தட்டையான தலை டிராக் அகலத்தைப் போல மூன்று மடங்காவது இருக்கட்டும். டிராக் 0.15, இடைவெளி 0.15 என்றால் நெளி 0.15 மிமீதான் தள்ளிப்போகலாம். 45 பாகையில் ஏறி இறங்கினால் அது சேர்ப்பது 0.124 மிமீ. மேலே சொன்ன 0.5 மிமீக்கு நான்கு குட்டி மேடுகள். பெரிய ஒரே நெளி போட்டால் அந்த இடத்தில் ஜோடி பிரிந்து இம்பீடன்ஸ் ஏறிவிடும்.

வியா, பேட், சிப்பின் உள்வயர்: இவை எல்லாம் நீளத்தில் சேருமா?

சேரும். 1.6 மிமீ பலகையில் மேலிருந்து கீழே போகும் வியா ஏறக்குறைய 1.6 மிமீ டிராக்குக்குச் சமம். மேலிருந்து மூன்றாம் லேயருக்கு மட்டும் போனால் அந்த இறக்கம் மட்டும் கணக்கு. குரூப்பில் எல்லா லைனுக்கும் வியா எண்ணிக்கையைச் சமமாக்கிவிட்டால் பிரச்சினை தானாகக் கரையும்.

பேட்டுக்குள் (பின்னைச் சால்டர் செய்யும் செம்புத் திட்டுக்குள்) டிராக்கின் முனை எங்கே நிற்கிறது என்பதும் சின்ன வித்தியாசம் தரும். மையம்வரை கொண்டுபோய் முடியுங்கள். பேட்டுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் துண்டுகளைச் சுத்தம் செய்யும் கருவியால் அகற்றுங்கள்.

அடியில் சால்டர் பந்துகள் உள்ள பெரிய பிஜிஏ சிப்கள், எஃப்பிஜிஏ-க்களில் பந்திலிருந்து சிலிக்கான்வரை போகும் உள்வழி பின்னுக்குப் பின் மாறும். தயாரிப்பாளர் இதைப் பெரும்பாலும் பிகோசெகண்டில் தருவார். ஓடும் லேயரின் மில்லிமீட்டர் தாமதத்தால் (6 அல்லது 7) வகுத்து மில்லிமீட்டராக்கி, கீகேட்டின் பேட் பண்புகளில் சிலிக்கான்வரை உள்ள நீளம் என்ற இடத்தில் கொடுக்கலாம். உதாரணமாக 42 பிகோசெகண்ட் என்றால் வெளி லேயருக்கு 7 மிமீ. லேஅவுட் வழிகாட்டியின் எண்கள் இந்த உள்வழியைச் சேர்த்துச் சொன்னவையா, விட்டுச் சொன்னவையா என்று ஒருமுறைக்கு இருமுறை படியுங்கள்.

நடுவில் சீரிஸ் ரெசிஸ்டர் இருக்கிறது. மென்பொருள் பாதி நீளத்தைத்தான் காட்டுகிறதே?

ரெசிஸ்டருக்கு இந்தப்புறம் ஒரு நெட் (மென்பொருள் ஒரே இணைப்பாக எண்ணுவது), அந்தப்புறம் இன்னொன்று. இரண்டையும் கூட்டி, ரெசிஸ்டரின் உடல் நீளத்தையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். எல்லா லைனிலும் ஒரே சைஸ் ரெசிஸ்டர் என்றால் உடல் நீளத்தை விட்டுவிடலாம். எளிய வழி: டிரைவருக்கும் ரெசிஸ்டருக்கும் நடுவிலுள்ள துண்டுகளை எல்லாம் ஒரே நீளமாக வைத்துவிட்டு, நெளியை மறுபுறத்தில் மட்டும் போடுவது.

ஆர்ஜிஎம்ஐஐ க்ளாக்குக்கு 2 நானோசெகண்ட் தாமதம் வேண்டும் என்கிறார்கள். அதையும் நெளித்தே கொண்டுவரலாமா?

வரலாம். ஆனால் இன்று அநேகமாக யாரும் அப்படிச் செய்ய வேண்டியதில்லை. ஆர்ஜிஎம்ஐஐ என்பது ப்ராசஸர் பக்கத்திலுள்ள மேக் பகுதியையும், கேபிளோடு பேசும் ஃபி என்ற ஈதர்நெட் சிப்பையும் இணைக்கும் வழி. 125 மெகாஹெர்ட்ஸ் க்ளாக்கின் இரு விளிம்பிலும் டேட்டா மாறுவதால் ஒரு பிட் 4 நானோசெகண்ட். க்ளாக் விளிம்பு அதன் நடுவில் விழ வேண்டும். முதல் பதிப்புகளில் க்ளாக் டிராக்கை 1.5 முதல் 2 நானோசெகண்ட் நீட்டி இதைச் செய்யச் சொன்னார்கள். வெளி லேயரில் அது 250 முதல் 330 மிமீ டிராக், அதுவும் அனுப்ப ஒன்று, வாங்க ஒன்று. பலகையில் தபால்தலை அளவு இடம் இரண்டு போய்விடும், ஏணிப்படிப் பிரச்சினை வேறு. 2002-இல் வந்த 2.0 பதிப்பு இந்தத் தாமதத்தைச் சிப்புக்குள்ளேயே வைக்க வழிசெய்தது.

இப்போது வழக்கமாக நடக்கும் தவறு நேர் எதிரானது. பழைய டிசைனிலிருந்து நெளியைக் காப்பியடித்துவிட்டு, ஃபியின் உள் தாமதத்தையும் இயக்கிவிடுவார்கள். அல்லது மேக்கும் ஃபியும் ஆளுக்கு 2 நானோசெகண்ட் சேர்த்துவிடும். மொத்தம் 4, அதாவது க்ளாக் மறுபடியும் டேட்டா மாறும் விளிம்பிலேயே வந்து நிற்கும். அறிகுறி தெளிவானது: லிங்க் விளக்கு எரியும், ஏனென்றால் கேபிள் பக்கத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. பிங் போகாது. சிஆர்சி (டேட்டா சரிபார்ப்பு) பிழை எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும். லினக்ஸ் டிவைஸ் ட்ரீயில் ஃபி மோடை மாற்றிப் பாருங்கள், போர்டை வெட்டத் தேவையில்லை.

இவ்வளவு சுற்றினால் அது காயில் ஆகிவிடாதா? ஆன்டெனா மாதிரி கதிர் வீசாதா?

காயிலில் பக்கத்துப் பக்கத்துச் சுற்றுகளில் மின்னோட்டம் ஒரே திசையில் ஓடும். நெளியில் பக்கத்துக் கைகளில் எதிரெதிர்த் திசை. போதாக்குறைக்குத் திரும்பும் மின்னோட்டம் நேர் கீழே கிரவுண்டு பிளேனில் அதே நெளிவோடு ஓடுகிறது. ஆகவே கவலை வேண்டாம், கீழே பிளேன் முழுதாக இருக்கும்வரை. 2.4 கிகாஹெர்ட்ஸ் ஆன்டெனாக்களில் காணும் நெளி வேறு சாதி. அங்கே கீழே உள்ள செம்பை வேண்டுமென்றே எடுத்திருப்பார்கள்.

எங்கே நெளி போடவே கூடாது?

கிரவுண்டு பிளேன் வெட்டுப்பட்ட இடத்தின் மேல். ஒவ்வொரு கையும் அந்தப் பிளவைத் தாண்டும்போது திரும்பும் மின்னோட்டம் சுற்றிப் போக வேண்டியிருக்கும். ஒருமுறை தாண்டுவதே தவறு, நெளியில் அதைப் பத்துமுறை செய்கிறீர்கள். ஸ்விட்சிங் ரெகுலேட்டரின் இண்டக்டருக்கு அடியிலும் பக்கத்திலும் வேண்டாம். போர்டின் ஓரத்தை ஒட்டியும் வேண்டாம். பிஜிஏ-வின் அடியில் வியாக்கள் பிளேனைச் சல்லடையாக்கியிருக்கும் இடமும் தவிர்க்க வேண்டியதே. ஒரு லைனின் நெளி இன்னொரு லைனின் நெளிக்குள் சீப்புப் பற்கள் கோத்த மாதிரி நுழைவது இடத்தை மிச்சப்படுத்தும். ஆனால் இரு சிக்னல்களும் ஒன்றில் ஒன்று கலந்துவிடும்.

எல்லா நீளமும் சரி, டிஆர்சியும் சுத்தம். ஆனாலும் மெமரி முழு வேகத்தில் ஓடவில்லை. ஏன்?

வேகத்தை ஒரு படி குறைத்துப் பாருங்கள். 800-இல் ஓடி 1600-இல் விழுந்தால் நேரமோ சத்தமோ காரணம். 800-இலும் விழுந்தால் நெளியைக் குறை சொல்லாதீர்கள்: பவர், ரெஃபரன்ஸ் வோல்டேஜ், டெர்மினேஷன், சால்டரிங் என்று தேடுங்கள்.

ஒரு பைட் மட்டும் பிழை தந்தால் அந்த பைட்டின் ஸ்ட்ரோபையும் லேயர் மாற்றங்களையும் பாருங்கள். கண்ட்ரோலர் தொடக்கத்தில் செய்யும் லெவலிங், பயிற்சி முடிவுகளைப் பல சிப்களில் படிக்க முடியும். மற்ற பைட்களைவிட ஒன்றின் தாமத எண் வெகுதூரம் விலகியிருந்தால் அங்கே நீளக் கணக்கு தப்பியிருக்கிறது. ஒரே பைட்டில் டேட்டா எப்படி மாறுகிறது என்பதைப் பொறுத்துப் பிழை வந்து போனால், நீளத்தைவிடக் க்ராஸ்டாக்கை (பக்கத்து டிராக்கின் சிக்னல் கலப்பதை) சந்தேகியுங்கள். நீளத்தைப் பொருத்துவதற்காக டிராக்குகளை நெருக்கியதே நோயாக இருக்கலாம். அப்படியானால் நெளியைப் பாதியாக்கி, 2 மிமீ பிசகை ஏற்றுக்கொண்டு, மிச்சமான இடத்தில் டிராக்குகளை விரித்து வைப்பது நல்ல பேரம்.

நெளியின் உண்மையான தாமதத்தை முன்கூட்டியே பார்க்க வேண்டுமென்றால் ஓப்பன்இஎம்எஸ் என்ற இலவச மின்காந்தக் கணிப்பான் உண்டு. நேர் டிராக் ஒன்றையும் நெளித்தது ஒன்றையும் அடுத்தடுத்துக் கொடுத்து ஒப்பிட்டால் போதும்.

பிசிபி தயாரிப்பாளரிடம் தனியாக ஏதாவது சொல்ல வேண்டுமா?

இம்பீடன்ஸ் கட்டுப்பாடு வேண்டுமா என்பதையும் எந்த லேயரில் எந்த அகலத்துக்கு எத்தனை ஓம் என்பதையும் ஆர்டரில் எழுதுங்கள். அவர்கள் அகலத்தை ஒரு சில மைக்ரான் கூட்டிக் குறைப்பார்கள், நெளியின் இடைவெளியும் அதோடு சேர்ந்து மாறும். இடைவெளியை அவர்களுடைய குறைந்தபட்ச எல்லையிலேயே வைக்காமல் இருக்க இதுவும் ஒரு காரணம். ப்ரீப்ரெக்கை அனுமதியின்றி மாற்றக் கூடாது என்றும் எழுதுங்கள். 0.1 மிமீ ப்ரீப்ரெக்குக்குப் போட்ட கணக்கு 0.2 மிமீ வந்தால் நெளியின் கைகள் திடீரென்று நெருக்கமாகிவிடும். நீளம் அப்படியேதான் இருக்கும், அதனால் தயாரிப்பாளருக்கு அனுப்பிய கெர்பர் ஃபைலைப் பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது.